விட்டுவந்த பயிற்சியாளர் மீண்டும் கழகப் பொறுப்புக்குத் திரும்புவது எப்படி? டெல்டா மாவட்டத்தாருக்குச் சில குறிப்புகள்

ஒரு கால்பந்துக் கழகத்தின் பொறுப்பைச் சில ஆண்டுகள் சுமந்து, பிறகு தாமாகவோ பிறர் சொல்லியோ அதை இறக்கி வைத்துவிட்டு, இப்போது மறுபடியும் ஓர் அணி கைக்கு வராதா என்று மாலை வேளையில் மைதானத்தின் ஓரம் சைக்கிளைச் சாய்த்து நின்று பார்ப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படி நின்றவன்தான். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் ஆறு ஆண்டுகள் பயிற்சியாளராக இருந்து, 2018-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வெளியேறி, நான்கு ஆண்டுகளுக்குப் பின் வேறொரு கழகத்துக்குத் திரும்பினேன். திரும்பும் வழியில் நான் செய்த பிழைகள்தான் இந்தக் குறிப்புகளில் பாதி.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். இங்கிலாந்தில் மேனேஜர் என்றால் அணியைத் தேர்ந்தெடுப்பவர், ஆட்டத்திட்டம் வகுப்பவர், எந்த ஆட்டக்காரரை வாங்குவது என்பதிலும் குரல் உள்ளவர். நம் பக்கத்தில் மேனேஜர் என்றால் ஜெர்சிப் பையைத் தூக்கி வருபவர், வேனுக்கு வாடகை பேசுபவர், இடைவேளைக்கு ஆரஞ்சும் குளுக்கோஸும் வாங்கி வைப்பவர். இந்தியாவின் பெரிய கழகங்கள் முதலாமவரைத் தலைமைப் பயிற்சியாளர் என்கின்றன. நானும் அந்தப் பொறுப்பைத்தான் இங்கே கழகப் பொறுப்பு என்கிறேன். ஆனால் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களின் சிறு கழகங்களில் இரண்டு வேலையும் ஒரே தலையில்தான் விழும் என்பதை நினைவில் வைத்தே மேற்கொண்டு படியுங்கள்.

ஏன் வெளியே வந்தீர்கள் என்ற கேள்வி

பொறுப்பைத் தேடிப் புறப்படும் முன்பாக, போன முறை அது ஏன் கையைவிட்டுப் போனது என்பதை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். யாரிடமும் காட்டுவதற்காக எழுத வேண்டாம். நான்கைந்து வரிகளில் முடிந்துவிட்டால் நல்லது. ஒரு பக்கத்தைத் தாண்டிப் போய், அதில் மூன்று பேரின் பெயரும் வந்துவிட்டால், கணக்கு இன்னும் நேராகவில்லை என்று பொருள். என் முதல் தாளில் பழைய கழகத்தின் தலைவர் பெயர் ஏழு இடங்களில் இருந்தது. அவர் தம் உறவுக்காரப் பையனை இடது ஓரத்தில் ஆடவிடச் சொன்னார், நான் மறுத்தேன், மூன்றாம் மாதம் என்னை அனுப்பிவிட்டார்கள் என்பதுதான் நான் டீக்கடைகளில் சொல்லிவந்த கதை. அதில் பொய் இல்லை. ஆனால் அந்த மூன்று மாதங்களில் ஆடிய 9 ஆட்டங்களில் 6 ஆட்டங்களைத் தோற்றிருந்தோம் என்பதையும், பயிற்சிக்கு வந்துகொண்டிருந்த 22 பேர் 11 பேராகக் குறைந்திருந்தார்கள் என்பதையும் நான் அந்தக் கதையில் ஒருநாளும் சேர்த்ததில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று என் மனைவிதான் ஒருநாள் சொன்னாள். அதன் பிறகே தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

இதை இவ்வளவு வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நம் மாவட்டங்களில் கால்பந்துக்காரர்களின் வட்டம் மிகச் சிறியது. கும்பகோணத்தில் காலையில் பேசியது மாலைக்குள் காரைக்கால் போய்ச் சேர்ந்துவிடும். பழைய கழகத்தைப் பற்றி நீங்கள் குறை சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் புதிய கழகத்தார் பழைய தலைவரின் குணத்தைப் பற்றி யோசிக்க மாட்டார்கள். நாளைக்கு நம்மையும் இவர் இப்படித்தான் பேசுவார் என்று எண்ணிக்கொள்வார்கள். எனவே கேள்வி வரும்போது சொல்வதற்கு ஒரே விடையைத் தயாராக வைத்திருங்கள்: என்ன நடந்தது, அதில் உங்கள் பங்கு எவ்வளவு, இப்போது எதை வேறு விதமாகச் செய்வீர்கள். அந்த விடையை அந்தக் காலத்தில் அணியில் இருந்த ஒருவரிடம் சொல்லிக்காட்டி, அவர் முகம் சுளிக்கவில்லை என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஆட்டங்கள் எத்தனை, வெற்றி எத்தனை, தோல்வி எத்தனை என்ற எண்களைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்திருப்பதும் இதில் அடங்கும். தொடர்களின் அழைப்பிதழ்களும் பழைய ஸ்கோர் நோட்டும் கிடைத்தால் அவற்றிலிருந்து எடுங்கள், நினைவை நம்பாதீர்கள். நினைவில் நாம் தோற்றவை எப்போதும் நடுவர் கெடுத்த ஆட்டங்களாகவே இருக்கும்.

காகிதங்களும் விதிகளும்

அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பும் ஆசியக் கால்பந்துக் கூட்டமைப்பும் சேர்ந்து வகுத்திருக்கும் பயிற்சியாளர் உரிமப் படிகள் டி, சி, பி, ஏ என்று ஏறி புரோ டிப்ளமோவில் முடிகின்றன. உங்களிடம் எந்தப் படி இருந்தாலும், முதலில் சான்றிதழைத் தேடி எடுத்து அதிலுள்ள தேதியைப் பாருங்கள். ஆசிய உரிமங்கள் காலவரம்பு உள்ளவை. தொடர்ந்து பயிலரங்குகளில் கலந்துகொண்டால்தான் அவற்றைப் புதுப்பிக்க முடியும். மேசையில் வைத்துப் பேசும்போது காலாவதியான உரிமம் ஒரு மாட்டுவண்டியின் அச்சாணி கழன்றதைப் போலத்தான். வண்டி நிற்கிறதே என்று பிறருக்குத் தோன்றலாம், ஓட்டினால் தெரிந்துவிடும். அடுத்த படிக்கான வகுப்புக்குப் பெரும்பாலும் வெளியூர் போய்த் தங்க வேண்டியிருக்கும் என்பதால், விடுப்புக்கும் செலவுக்கும் முன்கூட்டியே வழி செய்துகொள்ளுங்கள். இதைப் பொறுப்புக் கேட்பதற்கு முன் முடிப்பதே நல்லது. வேலை கிடைத்தால் வகுப்புக்குப் போகிறேன் என்று சொல்பவரைவிட, வகுப்பை முடித்துவிட்டு வந்திருக்கிறேன் என்பவரின் சொல்லுக்குக் கனம் அதிகம்.

மாவட்ட எல்லைகளும் ஒருமுறை சரிபார்க்க வேண்டியவை. மயிலாடுதுறை 2020 டிசம்பரில் நாகப்பட்டினத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது. அதற்கு முன் பொறுப்பில் இருந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த மாவட்டக் கால்பந்துக் கழகச் செயலாளரிடமே இன்றும் போய் நிற்கக்கூடும். சீர்காழி, தரங்கம்பாடிப் பக்கத்துக் கழகம் என்றால் இப்போது யாரிடம் பதிவு செய்கிறார்கள் என்று முதலில் கேட்டு அறியுங்கள். காரைக்கால் நம் டெல்டாவுக்குள் இருந்தாலும் புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்தது. அங்கிருந்து ஆட்டக்காரரை அழைத்து வருவது தொடர் போட்டிக்கு எளிது. லீக் பதிவு என்று வரும்போது அதற்கான முறையைத் தனியே கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி விதிகள். வெளியே இருந்த காலத்தில் ஆட்டம் அப்படியேதான் இருக்கும் என்று நாம் நம்பிவிடுகிறோம். நான் திரும்பி வந்த முதல் வாரத்தில், கோல் கிக் (கோலருகே இருந்து பந்தை மறுபடி ஆட்டத்துக்குள் உதைப்பது) எடுக்கும்போது, கோலின் முன் கோடிட்ட பெனால்டி பகுதிக்குள் பந்தை வாங்க வந்து நின்ற எங்கள் பின்கள ஆட்டக்காரனைப் பார்த்து, வெளியே போடா, பந்து கோட்டைத் தாண்டாமல் தொட்டால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள் என்று கத்தினேன். பையன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் கோல்கீப்பர்தான் தயங்கித் தயங்கி, “சார், அந்த ரூல் மாறிப் பல வருஷம் ஆச்சு சார்” என்றான். 2019 ஜூனிலிருந்து கோல் கிக்கில் பந்து உதைபட்டு நகர்ந்தவுடனேயே ஆட்டத்தில் வந்துவிடுகிறது. தன் அணியினர் பெனால்டி பகுதிக்குள்ளேயே அதை வாங்கலாம். அந்த ஒரு மாற்றம் பின்களத்திலிருந்து ஆட்டத்தைக் கட்டும் முறையையே மாற்றிவிட்டது. அதே ஆண்டில்தான் அணி அலுவலர்களுக்கும் மஞ்சள், சிவப்பு அட்டைகள் வந்தன. எனவே பழைய வழக்கத்தில் கோட்டோரம் நின்று நடுவரைத் திட்டினால், இப்போது அட்டை உங்களுக்கே நேராக வரும். ஒரு ஆட்டத்தில் ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம் என்பது 2020-இல் தற்காலிகமாக வந்து, 2022-இல் விதிப்புத்தகத்தில் நிலைபெற்றது. 2025 ஜூலையிலிருந்து கோல்கீப்பர் பந்தைக் கையில் 8 விநாடிகளுக்கு மேல் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர் கிக். உள்ளூர்த் தொடர்கள் இவற்றில் எதைப் பின்பற்றுகின்றன என்பது அமைப்பாளரைப் பொறுத்தது. எழுவர் கால்பந்துக்கு ஒவ்வொரு ஊரும் தனக்கென்று சில விதிகளை வைத்திருக்கும். எனினும் விதிப்புத்தகத்தை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டு மைதானத்துக்குப் போவது, பதினைந்து வயதுப் பையனிடம் பாடம் கேட்பதைவிட எளிது.

சிறுவர், சிறுமியர் அணிக்குப் பொறுப்பேற்பவர்கள் பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தைப் பற்றியும் தெரிந்துகொள்ள வேண்டும். பெண்கள் அணியோடு வெளியூர் போகும்போது ஒரு பெண் பொறுப்பாளர் உடன் வருவதும், பிள்ளைகளுக்கான செய்தி பெற்றோரும் இருக்கும் குழுவிலேயே போவதும் இன்று விலக்கில்லாத நடைமுறைகள்.

எந்த வாசல் வழியாகத் திரும்புவது

விட்டுப்போன உயரத்திலேயே திரும்ப ஏற வேண்டும் என்ற வீம்புதான் பலரை வெளியிலேயே நிறுத்திவைக்கிறது. 2016-17 பருவத்தில் மிசோரத்தின் ஐசால் கழகத்தை, தேசிய லீகான ஐ-லீகின் சாம்பியனாக்கியவர் காலித் ஜமீல். அதற்குப் பிறகு கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால், மோகன் பகான் இரண்டிலும் அடுத்தடுத்துப் பொறுப்பேற்றும் அவர் நீண்டநாள் நிலைக்கவில்லை. நாட்டின் சாம்பியன் பயிற்சியாளராக இருந்தவர், பிறகு நார்த்ஈஸ்ட் யுனைடெட் கழகத்தில் துணைப் பயிற்சியாளராக உட்கார்ந்தார். 2021 ஜனவரியில் தலைமைப் பயிற்சியாளர் விலக நேர்ந்தபோது அணி இடைக்காலமாக அவர் கைக்கு வந்தது. அந்த அணியை அவர் ஐஎஸ்எல் எனப்படும் இந்தியன் சூப்பர் லீகின் அரையிறுதிவரை கொண்டுபோனார். அதே ஆண்டின் அக்டோபரில் முழுப் பொறுப்பும் வந்தது. ஐஎஸ்எல் கழகம் ஒன்றின் நிரந்தரத் தலைமைப் பயிற்சியாளரான முதல் இந்தியர் அவர்தான். 2025 ஆகஸ்டில் இந்திய அணியே அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. துணைப் பயிற்சியாளர் நாற்காலியைத் தாழ்வாக நினைத்திருந்தால் இந்த வரிசையில் எதுவும் நடந்திருக்காது.

இத்தாலியின் கிளாடியோ ரனியேரியின் வழி வேறு. 2015-16 பருவத்தில் லெஸ்டர் சிட்டியைப் பிரீமியர் லீக் சாம்பியனாக்கி, அடுத்த பருவத்திலேயே நீக்கப்பட்டவர் அவர். 71 வயதில், 2023 ஜனவரியில், தாம் 1988-இலிருந்து 1991 வரை வளர்த்த காலியாரி கழகத்துக்கு, அது இரண்டாம் நிலை லீகில் கிடந்தபோது திரும்பிப் போய், அந்தப் பருவத்திலேயே முதல் நிலைக்கு உயர்த்தினார். பழைய வீட்டுக்குத் திரும்புவதும் ஒரு வழிதான். ஆனால் நம் ஊர்களில் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அங்கே உங்களை அனுப்பியவர்களும் அனுப்பச் சொன்னவர்களும் இன்னும் அதே திண்ணையில்தான் உட்கார்ந்திருப்பார்கள். பழைய கழகத்துக்கே போவதென்றால், பழைய சண்டையில் இருந்த ஒருவராவது உங்களைக் கூப்பிட வேண்டும். நீங்களாகப் போய்க் கேட்டால் பழைய குருடி கதவைத் திறடி என்ற கதையாகத்தான் முடியும்.

எனக்குத் திறந்த வாசல் 14 வயதுக்கு உட்பட்டோர் அணி. அதுவும் நேராக வந்ததில்லை. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறிய பிறகு, எங்கள் பகுதியில் தென்னந்தோப்புகள் வேரோடு கிடந்தன. பக்கத்து ஊர்ப் பள்ளி மைதானத்தின் நடுவிலும் நான்கைந்து மரங்கள் சாய்ந்து கிடக்க, வெட்டி அப்புறப்படுத்தும் வேலையில் பத்து நாட்கள் நானும் இருந்தேன். அப்போது பழக்கமான உடற்கல்வி ஆசிரியர்தான், ஆண்டுகள் கழிந்த பின்னும் நினைவு வைத்திருந்து, தம் சின்னப் பையன்களைச் சனி, ஞாயிறுகளில் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். சம்பளம் இல்லை. ஆனால் கோலும் பந்தும் இருபது பிள்ளைகளும் இருந்தார்கள். நான் சொல்லிக்கொடுப்பதை நான்கு பேர் பார்க்கும் இடமாகவும் அது இருந்தது. கழகக் குழுவினர் பயிற்சியாளரைத் தேடும்போது விண்ணப்பங்களைப் படிப்பதில்லை. யாராவது ஒருவரின் பையன் வீட்டுக்கு வந்து, இன்றைக்குப் பயிற்சி நன்றாக இருந்தது என்று சொல்வதைத்தான் கேட்கிறார்கள்.

பெண்கள் அணியையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். மூத்தோர் மகளிர் தேசியப் பட்டத்தைத் தமிழ்நாடு 2017-18, 2022-23 ஆகிய இரு பருவங்களிலும் வென்றிருக்கிறது. மதுரையின் சேது கழகம் 2018-19-இல் இந்திய மகளிர் லீகையே வென்றது. எனினும் நம் மாவட்டங்களில் பெண்பிள்ளைகளுக்கு முறையாகச் சொல்லித்தர முன்வருவோர் குறைவு. தேவை அதிகமாகவும் போட்டி குறைவாகவும் இருக்கும் இந்த இடத்தை, திரும்பி வர விரும்பும் ஆண் பயிற்சியாளர்கள் ஏன் ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்குப் புரியவில்லை.

பெரிய கழகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2025-ஆம் ஆண்டில் ஐஎஸ்எல் தொடரே உரிய காலத்தில் தொடங்காமல் தள்ளிப்போனதைப் பார்த்தோம். அங்கே அழைப்பு வரும்வரை காத்திருப்பதாக இருந்தால், காத்திருக்கும் இடம் ஒரு மைதானமாக இருக்கட்டும்.

எந்த மாதத்தில் கேட்பது

டெல்டாவில் கால்பந்தின் ஆண்டு, மேட்டூர் அணையின் ஆண்டையும் மழையையும் ஒட்டியே நடக்கிறது. ஜூன் 12-இல் அணை திறந்து குறுவைக்குத் தண்ணீர் வரும் காலத்தில் பள்ளிகளும் திறந்து, பிள்ளைகள் அணிகள் கூடத் தொடங்கும். ஐப்பசி, கார்த்திகையில் மைதானம் குளமாகிவிடும். சம்பா அறுவடைக்குப் பிறகு வயல் காய்ந்து ஆடுகளமாகும் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள்; அறுவடைக்கு முன்பே நெல்தாளுக்குள் உளுந்தும் பயறும் தெளித்துவிடுவதால், பல வயல்கள் பங்குனிவரை கிடைப்பதில்லை. சித்திரை, வைகாசியில்தான் பட்டுக்கோட்டை, அதிராம்பட்டினம், முத்துப்பேட்டைப் பக்கம் எழுவர் கால்பந்துத் தொடர்கள் சூடு பிடிக்கும்.

தொடர் நடக்கும்போது பொறுப்புக் கேட்டுப் போகாதீர்கள். அப்போது ஏற்கெனவே ஒருவர் அந்த இடத்தில் நின்றுகொண்டிருப்பார். அவர் தோற்றுக்கொண்டிருக்கும் வேளையில் கோட்டோரம் நீங்கள் போய் நிற்பதே அநாகரிகம். எனக்குத் தெரிந்தவரை நல்ல காலம் மழைக்காலம். மைதானத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், பொருளாளர் கடையில் கூட்டம் இருக்காது, வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருந்து பணம் அனுப்புகிறவர்கள் அடுத்த கோடைக்கு என்ன திட்டம் என்று கேட்கத் தொடங்கியிருப்பார்கள்.

குழுவின் முன்னால் உட்காரும்போது

என்னை முதன்முதலில் அழைத்த கழகத்தின் கூட்டம் ஒரு அரிசி மண்டியின் மாடியில் நடந்தது. நான் பழைய செய்தித்தாள் துணுக்குகளையும் கோப்பை வாங்கிய படங்களையும் ஒரு தடித்த ஃபைலில் அடுக்கிக் கொண்டுபோனேன். பொருளாளர் ஒவ்வொரு பக்கமாகப் பொறுமையாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஃபைலை மூடி என் பக்கம் தள்ளினார். “அதெல்லாம் சரி தம்பி. இப்ப நம்ம கோலி யாருன்னு தெரியுமா?” என்றார். அணியின் கோல்கீப்பர் யார் என்பது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கழகம் கடந்த கோடையில் ஆடிய ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்திருக்கவில்லை. தேநீர் வந்தது, குடித்தோம், சொல்லியனுப்புகிறோம் என்றார்கள். சொல்லியனுப்பவில்லை.

அடுத்த கழகத்துக்குப் போகும்போது ஃபைலை வீட்டிலேயே வைத்துவிட்டு, நாற்பது பக்க நோட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் போனேன். அதில் அந்த அணியின் நான்கு ஆட்டங்களைப் பார்த்து எழுதிய குறிப்புகள் இருந்தன: வாங்கிய 7 கோல்களில் 4 கோல்கள் கார்னரிலும் ஃப்ரீ கிக்கிலும் வந்தவை, வலது பக்கப் பின்கள ஆட்டக்காரனுக்கு இடது காலே கிடையாது, கடைசிப் பத்து நிமிடத்தில் நடுக்களம் நடக்கத் தொடங்கிவிடுகிறது, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு பையன் நன்றாகத் தலையால் முட்டுகிறான், அவனை யாரும் கார்னருக்குக் கூப்பிடுவதில்லை. இப்படி ஏழெட்டு வரிகள் போதும். குறையாக அடுக்காமல், எதைத் திருத்த எத்தனை வாரம் பிடிக்கும் என்பதையும் பக்கத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். கோப்பை வாங்கித் தருகிறேன் என்ற வாக்குறுதியை மட்டும் எந்தக் காரணம் கொண்டும் கொடுக்காதீர்கள். வெளியூரிலிருந்து கெஸ்ட் ஆட்டக்காரர்களை இறக்கும் தொடரில், இறுதி ஆட்டத்தில் எதிரே யார் நிற்பார்கள் என்பது ஆட்டத்துக்கு முந்தைய இரவுவரை எவருக்கும் தெரியாது.

பேச்சு முடியும் தறுவாயில் மூன்று காரியங்களை எழுத்தில் கேளுங்கள். பெரிய ஒப்பந்தப் பத்திரம் தேவையில்லை. கழகத்தின் லெட்டர்பேடில் ஒரு பக்கம் போதும். முதலாவது, அணித் தேர்வு யாருடைய முடிவு என்பது. குழு கருத்துச் சொல்லலாம், முடிவு பயிற்சியாளருடையது என்று ஒரு வரி இருந்தால், என்னைப் போல உறவுக்காரப் பையன் விஷயத்தில் வெளியேற வேண்டி வராது. இரண்டாவது, காலம். ஒரு கோடைத் தொடருக்கு மட்டும் வைத்துப் பார்க்கலாம் என்பார்கள். ஓராண்டுக்குக் குறைந்தால் ஏற்க வேண்டாம் என்பது என் கருத்து, ஏனென்றால் 14 வயதுப் பிள்ளைகளிடமிருந்து முதல் அணிக்கு ஒருவரைக்கூட அதற்குள் கொண்டுவர முடியாது. மூன்றாவது பணம். மாதச் சம்பளம் எவ்வளவு, எந்தத் தேதியில், வேன் வாடகையும் முதலுதவிப் பெட்டியும் யார் செலவு என்பது. வெளிநாட்டிலிருந்து பணம் வர நாளாகிவிட்டது, நீங்கள் கொடுத்து வையுங்கள், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒருமுறை தொடங்கினால் அது நிற்காது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடச் சொன்ன ஊர்க்காரர்கள் நாம். வாங்கியதையும் கொடுத்ததையும் தேதியிட்டு ஒரு நோட்டில் எழுதி, மாதம் ஒருமுறை பொருளாளரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.

முதல் மூன்று வாரங்கள்

திரும்பி வந்தவருக்கு நேரும் பெரிய ஆசை, விட்டுப்போன ஆண்டுகளில் யோசித்து வைத்ததை எல்லாம் முதல் வாரத்திலேயே கொட்டிவிடுவது. நான் கரும்பலகை ஒன்றை மைதானத்துக்கே தூக்கிப்போய் அரைமணி நேரம் பேசினேன். வெயிலில் நின்ற பையன்களில் இருவர் உட்கார்ந்துவிட்டார்கள்.

மாறாக, முதல் நாளுக்கு இப்படி ஒரு பயிற்சியைத் திட்டமிடுங்கள். பெயர்ப்பட்டியலில் 22 பேர் இருந்தாலும் 14 பேர்தான் வருவார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நடவு, அறுவடை, கல்லூரித் தேர்வு, கல்யாணம் என்று ஏதாவது ஒன்று இருந்தே தீரும். காலை ஆறு மணிக்குத் தொடங்கினால் ஏழரைக்குள் முடித்துவிட வேண்டும். சித்திரையில் அதற்குப் பிறகு வெயில் தாங்காது. முதல் பதினைந்து நிமிடம் பந்தோடு சேர்ந்த உடற்பயிற்சி. பிறகு 7 பேர் கொண்ட இரண்டு வட்டங்கள்: ஒவ்வொன்றிலும் ஐவர் பந்தைக் கடத்த, இருவர் நடுவில் நின்று பறிக்க முயல வேண்டும். நீளமாகப் பத்துத் தப்படி வைத்தால் பத்து மீட்டருக்குச் சற்றுக் குறையும். ஒவ்வொரு வட்டத்துக்கும் அந்த அளவில் ஒரு சதுரம் போதும். வட்டத்தில் யாருக்கு முதல் தொடுதல் சுத்தமாக வருகிறது, யார் பந்து வருவதற்கு முன்பே தலையைத் தூக்கிப் பார்க்கிறான் என்பதைப் பேசாமல் கவனித்து நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு பாதி மைதானத்தில் எழுவருக்கு எழுவர், நான்கு நிமிடம் ஆட்டம், இரண்டு நிமிடம் தண்ணீர், இப்படி ஐந்து சுற்று. ஒவ்வொரு இடைவெளியிலும் ஒரே ஒரு திருத்தம் மட்டும் சொல்லுங்கள். கடைசிப் பத்து நிமிடம் கார்னர். எங்கள் அணிக்கு அந்தப் பத்து நிமிடம்தான் முதல் வெற்றியைக் கொடுத்தது, பெஞ்சில் இருந்த அந்தத் தலையடிக்காரன் வழியாக.

தரையையும் பாருங்கள். நம் களிமண் கோடையில் வெடித்து, கணுக்கால் நுழையும் அளவுக்குப் பிளவுகள் விடும். பயிற்சிக்கு முந்தைய மாலை மணல் அள்ளிப்போட்டு, தண்ணீர் தெளித்து, பெரிய பிளவுகளை மூடிவிட்டால் ஒரு பருவத்தில் இரண்டு மூன்று கணுக்கால்களாவது பிழைக்கும். இந்த வேலையைப் பையன்களோடு சேர்ந்து நீங்களும் செய்யுங்கள். மண்வெட்டி பிடிக்கும் அரைமணி நேரத்தில் எவன் வீட்டில் என்ன சிரமம், எவனுக்கு எவனோடு பேச்சு இல்லை என்பதெல்லாம் தானாக வெளியே வரும்.

இரண்டாம் வாரத்தில் பழைய பயிற்சியாளரைப் போய்ப் பாருங்கள். பலர் இதைத் தவிர்க்கிறார்கள். நீங்களும் ஒருநாள் அவர் நின்ற இடத்தில் நின்றவர்தான். அவர் அணியைப் பற்றி அறிந்ததில் பத்தில் ஒன்றைச் சொன்னாலும் உங்களுக்கு ஒரு மாதம் மிச்சம். எனக்கு முன் இருந்தவர், கோல்கீப்பருக்கு மாலை வெளிச்சத்தில் பார்வை மங்குகிறது, அவன் அதை யாரிடமும் சொல்ல மாட்டான் என்று ஒரே ஒரு செய்தியைச் சொன்னார். அடுத்த வாரமே தஞ்சாவூரில் கண் பரிசோதனை செய்து கண்ணாடி வாங்கினோம், ஆட்டத்துக்கு லென்ஸ்.

மூன்றாம் வாரத்தில் முதல் ஆட்டம் வரும், பதினொருவர் பட்டியல் எழுத வேண்டியிருக்கும். ஆறு ஆண்டு ஆடிக்கொண்டிருந்த ஒருவனை வெளியே உட்கார வைக்கும் நிலையும் அப்போதே வரக்கூடும். பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவது எளிது. நான் பழைய கழகத்தில் அதைத்தான் செய்தேன், பயிற்சிக்கு வருபவர்கள் குறைந்ததும் அதிலிருந்துதான். இடம் கிடைக்காத ஒவ்வொருவனையும் ஆட்டத்துக்கு முந்தைய மாலையில் தனியாகக் கூப்பிட்டு, மைதானத்திலேயே, மற்றவர்கள் பார்க்கும் தூரத்தில் ஆனால் கேட்காத தூரத்தில் நிறுத்தி, காரணத்தை இரண்டு வாக்கியத்தில் சொல்லி, அவன் பேசி முடிக்கும்வரை நில்லுங்கள். அதன் பிறகு பட்டியலைக் குழுவில் போடுங்கள்.